இறக்கக் கூடாத கொடி

வாவிக்கரையில் மாதா கோயில் திருவிழாக் கொடி, பள்ளிவாசல் கந்தூரிக் கொடி இரண்டையும் தைப்பவள் கிறிஸ்தவப் பெண்ணான தையற்காரி ஷெரோன்தான். பிள்ளையார் கோயில் தலைவரான வண்ணக்கர் மட்டும், "வேதக்காரப் புள்ள எங்கட கொடியத் தொடப்படாது" என்று போன வருடம் முகத்திலடித்தாற்போல் சொல்லிவிட்டார்.

இந்த வருடம் கடையில் அவர் வாங்கி ஏற்றிய கொடி, மூன்றாம் நாள் திருவிழாவிலேயே கச்சான் காற்றில் கிழிந்து தொங்கியது. ஏற்றிய கொடியைக் கடைசி நாள் தீர்த்தம் முடியும்வரை இறக்கக் கூடாது. வேறு வழியில்லாமல் வண்ணக்கரே ஷெரோன் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"இறக்க ஏலாதெண்டா நான் ஏறுறன். பள்ளிவாசல்ல மினாராவுக்குப் பெயின்ட் அடிக்கிற ஏணி இருக்கு, எடுப்பியுங்க."

ஊசியைப் பல்லில் கடித்தபடி ஷெரோன் கொடிமரத்தில் சாத்திய ஏணியில் ஏறி, படபடத்த துணியை இழுத்துப் பிடித்துத் தைத்தாள். ஊரே அண்ணாந்து பார்த்தது. கடைசி முடிச்சை இறுக்கிக் கையை விட்டதும், மூஷிகம் வரைந்த கொடி முழுசாக விரிந்தது. "அரோகரா!" என்று வீதி அதிர்ந்தது. கீழே ஏணியைப் பிடித்திருந்த வண்ணக்கரும் கும்பிடக் கையெடுக்கப் போனார்.

"வண்ணக்கர் ஐயா! சாமிய பிறகு கும்பிடலாம். நான் இறங்குமட்டும் ஏணிய விடப்படாது!"

அவர் விடவில்லை.