பாவாயி அக்கா கேட்ட தாழ்ப்பாள்

வெள்ளிக்கிழமை விளக்கேற்றித் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தபோது உங்கள் குழுவில் இருக்கும் கவிதா போன் செய்தாள். "அம்மா, பாவாயி அக்கா போயிருச்சுங்க. நெஞ்சு வலின்னுச்சு, ஆட்டோ வர்றதுக்குள்ள..." முருகா என்று நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அக்காவை என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அவரோடு தொழில் செய்தவர்கள் நீங்கள். நான் சூரமங்கலத்தில் குடும்பம் நடத்துபவள். மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுவேன் என்று கேள்விப்பட்டு, கொரோனா ஓய்ந்த பிறகு, உங்கள் குழுவுக்கும் எழுதித் தரக் கேட்டு அக்கா வந்தார். நான் அதிகம் படிக்காதவள், வீட்டுக் கணக்கு எழுதியே எழுத்துப் பழகியவள் என்றேன். "நாங்க மட்டும் காலேஜுங்களா?" என்று சிரித்தார். மறுக்க முடியவில்லை.

ஒருநாள், நீங்கள் தொழிலுக்குப் போகும் ஒரு லாட்ஜுக்கு என்னையும் துணைக்கு அழைத்துப் போனார். நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே நின்றேன். அக்கா அறைக்குள் போய்க் குழாயைத் திறந்து பார்த்தார். கதவைச் சாத்திப் பார்த்தார். உள்பக்கத் தாழ்ப்பாள் கழன்று ஆடியது.

"பொண்ணு பாக்க வந்தாப்ல இத்தனை பாக்கறீங்களே!" என்றார் மேனேஜர்.

"பொண்ணு பாக்க வந்தா பஜ்ஜி குடுப்பீங்க. நான் தாழ்ப்பாள்தானுங்க கேக்கறேன்."

மேனேஜர் ஸ்க்ரூ டிரைவர் தேடப் போனார்.

திரும்பும்போதுதான் விஷயத்தைச் சொன்னார். "ஒருத்தன்னு சொல்லிட்டு நாலு பேரு கதவத் தள்றானுங்க. உறை போடுன்னா காசு சேத்தித் தாரேங்கறான். கடன்பட்ட புள்ளைங்க, என்ன பண்ணுவாளுக? மாட்டேன்னு சொல்லப் பழகுங்க சாமின்னு தெனமும் சொல்றேன்."

கவிதா, பள்ளிபாளையத்தில் தறிப்பட்டறை மூடிய பிறகு இந்தத் தொழிலுக்கு வந்தவள். போன மாதம் காய்ச்சல் விட்டும் இருமல் விடவில்லை. டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னார். தரகன் கேட்பானா? அவள் அறைக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தான். அக்கா அவளை என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்.

"சாமி ரூமுக்குப் பக்கத்து ரூமுங்க. ஆகுமா?" என்று என் முகத்தையே பார்த்தார்.

"முருகன் ஒண்ணும் சொல்லமாட்டாருங்க. பாய் எடுத்தாரேன்" என்றேன். என் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைத்தார். அதன்பிறகு பகலெல்லாம் அவள் இங்கேதான் படுத்திருந்தாள்.

அக்காவை எரித்துவிட்டு வந்த அன்றும் குளித்துவிட்டு இங்கேயே வந்து படுத்தாள். சற்று நேரத்தில் தரகன் வாசலில் நின்றான்.

"அதான் எல்லாம் முடிஞ்சுதேங்க. கவிதாவக் கூப்புடுங்க, பார்ட்டி காத்திருக்குது."

அக்காவைப் போலச் சிரித்துப் பேசி அனுப்ப எனக்கு வராது.

"தூங்கறா. எழுப்பமாட்டேன்."

"எந்திரிச்சதும் அனுப்புவீங்களா?"

"எந்திரிச்சா சாப்புடுவா. மறுபடியும் தூங்குவா."

முறைத்துவிட்டு வண்டியை உதைத்துக் கிளம்பினான். நாளையும் வருவான்.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த 'மாட்டேன்' ஒன்றுதான். இத்தனை வயதில் யார் முகத்துக்கு நேராகவும் நான் அதைச் சொன்னதில்லை. உங்களில் யாருக்கு உடம்புக்கு முடியாவிட்டாலும் இங்கே வாருங்கள், உங்களுக்காகவும் சொல்வேன்.

கவிதா இன்னும் எழவில்லை. குக்கர் விசில் அடித்தால் விழித்துவிடுவாள் என்று பருப்பைச் சட்டியிலேயே வேகவைத்துக்கொண்டிருக்கிறேன்.