வெட்டாமல் விட்ட சட்டை வால்

வடக்கே பனிக்காட்டை ஒட்டிய எங்கள் ஊரில் நவம்பர் பதினைந்தாம் தேதி பள்ளிக்கூடம் கிடையாது. திறந்து வைத்தாலும் வர ஆள் இருக்காது. வாத்தியார்களே காட்டில்தான் இருப்பார்கள். மான் வேட்டை தொடங்கும் நாள் அது. அந்த வாரத்தில் யாருக்காவது உயிர் போகிற மாதிரி இருந்தால், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டுக்கொள்வோம். குழி வெட்ட ஆள் வேண்டாமா? பெரும்பாலும் பொறுத்துக்கொள்வார்கள்.

பள்ளிப் பேருந்து ஓட்டும் ஹில்யா கோர்பியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. அவள் குரலைப் பற்றிச் சொன்னால் நம்பமாட்டீர்கள். பின்னிருக்கையில் அடித்துக்கொண்ட பையன்களை ஒருமுறை அவள் அதட்டிய அதட்டில், சாலையோரப் பண்ணையில் நின்ற பசு மூன்று நாள் பால் கொடுக்கவில்லை. பசு என்னுடையது, அதனால் வேறு சாட்சி வேண்டாம். அவள் கணவன் ஊர்ஹோ நேர் எதிர். விரலில் ஊசி குத்தினாலே உட்கார இடம் தேடுவான். வேட்டைக்குப் போகமாட்டான். அவள் துப்பாக்கியைத் துடைக்கும் நேரத்தில் அவன் அடுப்படியில் இறைச்சியும் கிழங்கும் வைத்துப் பேஸ்டி சுட்டுக்கொண்டிருப்பான், இல்லையென்றால் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருப்பான். இதைச் சொல்லி ஊர் சிரித்தது. சிரித்தவர்கள் எல்லோரும் அவன் சுட்ட பேஸ்டியைத்தான் காட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

கோர்பிகளின் நிலம் முடிகிற இடத்தில் தேவதாருச் சதுப்பு. அதற்கு அந்தப் பக்கம் ஆர்வோ நிஸ்கானனின் வேட்டைக் கேம்ப். மரக்கட்டையில் கட்டிய ஒற்றை அறை, ஒரு இரும்பு அடுப்பு, பன்னிரண்டு கட்டில்கள், பின்னால் நீராவிக் குளியலுக்கு ஒரு சானா. பெண்கள் அங்கே போவதில்லை. என் வீட்டுக்காரர் ரெய்னோ அங்கே சமையல் பார்த்தார். ஆகவே இனி நான் சொல்லப்போவதில் பாதி அவர் பார்த்தது. அவர் வாய் அதிகம் பேசாது என்பதால் மீதியை நான் ஒட்டுப் போட்டிருக்கிறேன். எது எது என்று தேடாதீர்கள்.

அந்தக் கேம்பில் முக்கியமானது அடுப்புக்கு எதிர்ச் சுவர். குறி வைத்துச் சுட்டு மான் தப்பிப் போனால், சுட்டவன் கேம்புக்கு வந்து முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும். ஆட்டு ரோமம் வெட்டுகிற பெரிய கத்தரியால் அவன் சட்டையின் பின்வாலை வெட்டி, பெயர் எழுதி, சுவரில் ஆணி அடிப்பார்கள். ஊர் ஆண்களில் பாதிப் பேர் அந்தச் சுவரில் இருக்கிறார்கள். போதகரின் கறுப்புத் துணிகூட இருக்கிறது. அதில் யாருக்கும் வெட்கம் கிடையாது. வால் இருப்பவன் கேம்ப்காரன், இல்லாதவன் விருந்தாளி, அவ்வளவுதான்.

ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. ஆர்வோவின் வால் சுவரில் இல்லை. தவறவிட்டதே இல்லை என்பது அவர் பேச்சு. "நான் துப்பாக்கியைத் தூக்கினாலே போதும்யா, மான் தானா வந்து வண்டியில ஏறிப் படுத்துக்கும்" என்பார்.

ஹில்யாவுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும்போது, அவள் அப்பா நெஞ்சு நோயில் படுத்த வருஷம், அவருடைய இடத்தில் ஆர்வோ கூட்டத்தோடு காட்டுக்குப் போனாள். பெரிய கொம்புமான் ஒன்று எதிரில் வந்து நின்றது. சுட்டாள். போய்விட்டது. நேராகக் கேம்புக்கு வந்து சட்டையை வெளியே இழுத்துவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

ஆர்வோ சிரித்துவிட்டார். "பொம்பளப் புள்ள சட்டையை வெட்டலாமா? பாவம்மா. போ, போய் எல்லாருக்கும் காபி போடு."

கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதனால்தான் அது ஆறவேயில்லை. அவள் காபி போட்டாள். அதில் விழுந்த உப்பில் கரண்டி நிமிர்ந்து நின்றது என்று ரெய்னோ இன்றைக்கும் சொல்கிறார். அதற்குப் பிறகு அவள் அந்தக் கேம்பின் வாசலை மிதிக்கவில்லை. தன் நிலத்தில், சதுப்பின் ஓரத்தில் தானே ஒரு பரண் கட்டினாள். யாரும் கூட்டிப்போகாத பிள்ளைகளை அவள் கூட்டிப்போனாள். பெண் பிள்ளைகள், திக்குவாய்ப் பையன், அப்பன் ஓடிப்போன வீட்டுப் பிள்ளை என்று யார் வந்தாலும் சரி. முதல் நாள் தோட்டா கிடையாது. வெறும் துப்பாக்கியோடு பரணில் உட்கார்ந்து, காகிதம் சலசலக்காமல் ஒரு பேஸ்டியை முழுதாகத் தின்று முடிக்க வேண்டும். சத்தம் வந்தால் மறுநாளும் தோட்டா இல்லை. ஒரு பையன் ஒரு வாரம் பேஸ்டி தின்று, வேட்டைக் கோட்டுப் பொத்தான் மூடாமல் வீட்டுக்குப் போனான்.

நான் சொல்ல வந்த வருஷம் பேருந்தில் கடைசி நிறுத்தத்தில் இறங்காமல் உட்கார்ந்திருந்தது ரோண்டா. ஆர்வோவின் பேத்தி. பதினான்கு வயது முடிந்து வேட்டை லைசென்ஸ் வாங்கிவிட்டாள்.

"அத்தை, தாத்தா என்னைக் கேம்புக்குக் கூட்டிட்டுப் போக மாட்டேங்கிறாரு."

"என்ன சொல்றாரு?"

"அங்க கக்கூஸு வெளியில இருக்காம்."

"ஏன், நீ வீட்டுக்குள்ள உக்காந்தா மான் சுடப்போறே?" என்றாள் ஹில்யா. பிறகு கண்ணாடியில் அவளைப் பார்த்தாள். "சரி சொல்லு. உனக்கு மான் வேணுமா, கேம்ப் வேணுமா?"

"சுவரு வேணும். எங்க அண்ணனுங்க ரெண்டு பேரு வாலும் அங்க தொங்குது. எங்க அப்பா வாலும் இருக்கு. என் பேரும் இருக்கணும்."

"அதுக்கு நீ தவற விடணுமேடி."

"வேணும்னே விடமாட்டேன் அத்தை. ஆனா விட்டேன்னா, வெட்டணும். எனக்கும் வெட்டணும்."

ஹில்யா வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டாள் என்று ரோண்டா பிற்பாடு சொன்னாள். "நாளையிலிருந்து பரணுக்கு வா," என்று மெதுவாகச் சொன்னாளாம். அவள் மெதுவாகப் பேசியது அதுதான் முதல் தடவை என்பதால் ரோண்டா பயந்துபோனாளாம்.

பதினைந்தாம் தேதி விடிந்தபோது தரையில் புதுப்பனி, மாவு சலித்த மாதிரி. இரண்டு பேரும் பரணில். வெளிச்சம் நன்றாக வந்தபின் தேவதாருக்களுக்கு நடுவிலிருந்து கொம்புமான் வந்தது. அதன் கொம்பின் அகலத்தைச் சொல்ல எனக்குக் கை போதாது. எங்கள் சர்ச் கதவுக்குள் அது நுழைய வேண்டுமென்றால் பக்கவாட்டில்தான் நுழையும். ரோண்டா மூச்சை விட்டாள், பிடித்தாள், சுட்டாள். மான் திரும்பி, வழி கேட்டவளைப் பார்ப்பதுபோல் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆர்வோவின் பக்கமாகத் துள்ளிப் போய்விட்டது. சற்றுப் பொறுத்து அந்தப் பக்கமிருந்து ஒரு வெடி. தொடர்ந்து இன்னும் இரண்டு, அவசர அவசரமாக.

"எறங்காதே. இரு," என்றாள் ஹில்யா. அடிபட்ட மானைத் துரத்தினால் அது ஓடிக்கொண்டே இருக்கும். பேஸ்டி தின்றுகொண்டு காத்திருந்தார்கள். அன்றைக்குக் காகிதம் சலசலத்தது ஹில்யாவின் கையில்தான்.

பிறகு இறங்கிப் போய் மான் நின்ற இடத்தைப் பார்த்தார்கள். ரத்தமில்லை, ஒரு முடிகூட இல்லை. ரோண்டா மூக்கை உறிஞ்சினாள்.

"தவறிடுச்சு இல்ல அத்தை? அப்ப வெட்டலாமா?"

"பொறு. எங்கயாவது பட்டிருந்தா பாவம், தனியாக் கெடந்து சாகும். கடைசி வரைக்கும் போய்ப் பாத்துட்டுத்தான் கேம்பு."

தடத்தோடு நடந்தார்கள். சதுப்பைத் தாண்டி, எல்லைக் கம்பியைத் தாண்டி, தடம் ஆர்வோவின் பரணுக்கு முன்னால் போயிற்று. முன்னால் என்றால், ஏணியில் நின்றபடி கையை நீட்டி மானுக்கு உப்பு ஊட்டலாம், அத்தனை கிட்டத்தில். பரணில் ஆள் இல்லை. அடியில் பனியைச் சுட்டுக்கொண்டு இறங்கிய மூன்று பித்தளைக் குப்பிகள், சுட்ட தோட்டாவினுடையவை. பின்னால் ஒரு பிர்ச் மரத்தில் பட்டை பிய்ந்து வெள்ளை தெரிந்தது. மானின் தடமோ நிதானமாக நடந்து, வழியில் நின்று கொஞ்சம் தழையும் கடித்துவிட்டுப் போயிருந்தது. எங்கும் ஒரு சொட்டு ரத்தமில்லை. ஹில்யா குனிந்து குப்பிகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். ரோண்டா பார்த்தாள்.

கேம்பில் அப்போது எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். ஆர்வோ அடுப்படி நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"காலையில மூணு வெடி கேட்டுச்சே, நீங்களா?" என்று ரெய்னோ கேட்டிருக்கிறார்.

"நானா? நான் அணில்தான் பாத்தேன். அது ஹில்யா பக்கம். அவ கூட்டிட்டு வர்ற வாண்டுங்க காட்டையே சல்லடையாக்குதுங்க."

கதவு திறந்தது. முப்பது வருஷம் கழித்து ஹில்யா வாசலை மிதித்தாள். பக்கத்தில் ரோண்டா.

"ஆர்வோ அண்ணே, கத்தரி எங்க?"

"எதுக்கும்மா?"

"ஒங்க பேத்தி மானைத் தவற விட்டுட்டா. பெரிய மான். வெட்டுங்க."

ரோண்டா கோட்டைக் கழற்றி, சட்டையை வெளியே இழுத்து, திரும்பி நின்றாள். மஞ்சள் பூப்போட்ட ஃபிளானல். ரெய்னோ கிழங்கு புரட்டுவதை நிறுத்திவிட்டார்.

ஆர்வோ சிரித்தார். அதே சிரிப்பு. "கண்ணு, ஒனக்கெதுக்கு இதெல்லாம்? நல்ல சட்டை. பாவம், போ, அடுப்புக்கிட்ட வந்து உக்காரு."

"பாவம் பாக்காதீங்க தாத்தா. அண்ணனுங்களுக்குப் பாத்தீங்களா? பூட்ஸு கழட்டக்கூட விடாம வெட்டுனீங்களே!"

"அவனுங்க பசங்க."

"தவறினது மானு. அதுக்கென்ன, பையன் சுட்டதா பொண்ணு சுட்டதான்னு தெரியுமா?"

யாரோ கட்டிலில் படுத்திருந்தவர் சிரித்தார். ஆர்வோவுக்கு முகம் இறுகிவிட்டது. "இது என் கேம்ப். நான் வெட்ட மாட்டேன்."

ஹில்யா பையில் கைவிட்டு, ஆர்வோவின் கட்டைவிரலுக்கு அருகில், நாற்காலிக் கையின்மேல் மூன்று குப்பிகளையும் ஒவ்வொன்றாக நிற்கவைத்தாள். அவள் முதுகு அறையை மறைத்திருந்தது. அந்த முதுகு எதையும் மறைக்கும். அடுப்படியில் நின்ற ரெய்னோ மட்டும் பார்த்தார்.

"அணில் ரொம்பப் பெருசு போல," என்றாள் மெதுவாக.

ஆர்வோ சட்டென்று தன் தொப்பியை அதன்மேல் போட்டார். குரலைத் தாழ்த்தினார். "எடுத்துப் பைக்குள்ள போட்டுக்க. புள்ளைக்கு வெட்டிர்றேன். சுவர்ல நடுவுல அடிக்கிறேன். சரியா?"

ஹில்யா யோசித்தாள். சத்தியமாக யோசித்தாள், அவளே பிறகு என்னிடம் சொன்னாள். கேட்க வந்தது கையில் வந்துவிட்டது. ஒரு தலையசைப்பு போதும்.

"வேண்டாம்," என்றது பின்னாலிருந்து ரோண்டாவின் குரல். திரும்பி நின்றாலும் அவளுக்குக் காது இருந்ததே. "அத்தை, எனக்குப் பேரம் பேசி வாங்கின வால் வேண்டாம். நான் உண்மையாத் தவற விட்டேன். என்னோடது உண்மையாத் தொங்கணும். இல்லைன்னா நான் சட்டையை உள்ள விட்டுக்கிட்டு வீட்டுக்குப் போறேன்."

"ரோண்டா, சும்மா இரு," என்றார் ஆர்வோ.

"தாத்தா, தொப்பியை எடுங்க."

பன்னிரண்டு ஆண்கள் ஒரு தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிழங்கு கருகிக்கொண்டிருந்தது, என் வீட்டுக்காரர் அதையும் கவனிக்கவில்லை. கடைசியில் ஆர்வோ தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். குப்பிகளை எல்லோரும் பார்த்தார்கள்.

"மூணுமேவா?" என்றார் போதகர், அனுதாபத்தோடு.

"யாரோ கையைத் தட்டிவிட்டாங்க," என்றார் ஆர்வோ. பரணில் தனியாக இருந்தவர் அவர். பிறகு எழுந்தார். கால்சட்டை வாரைத் தோளிலிருந்து இறக்கினார். சுவரில் தொங்கிய கத்தரியை எடுத்துப் பேத்தி கையில் கொடுத்துவிட்டு முதுகைத் திருப்பினார். "வெட்டு. சீக்கிரம் வெட்டித் தொலை. குளுருது."

ரோண்டா வெட்டினாள். வேண்டுமென்றோ, தெரியாமலோ, தோள்பட்டைக்குக் கொஞ்சம் கீழே ஆரம்பித்துவிட்டாள். கேம்ப் இரண்டாகப் பிளக்கிற மாதிரி சிரிப்பு. கூரையிலிருந்த பனி மொத்தமும் சரிந்து சானாவை மூடிவிட்டது என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும். அந்தத் துணியைப் பெயர் எழுதிச் சுவரில் அடித்தபிறகு கத்தரி ஆர்வோவிடம் போயிற்று. அவர் ஓரமாக ஒரு கீற்று வெட்டப் பார்த்தார்.

"பெருசா வெட்டுங்க தாத்தா. அண்ணனுங்களோடது அளவு."

பெரிதாகவே வெட்டினார். அவரே பெயர் எழுதினார். தன்னுடையதற்குப் பக்கத்தில், அண்ணன்கள் இருவருடையதற்கும் மேலே ஆணி அடித்தார். சுத்தியலை வைத்துவிட்டுத் திரும்பினால், ஹில்யா முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். சட்டை வெளியே தொங்குகிறது.

"ஒனக்கென்ன இப்போ?" என்றார்.

அவள் சட்டையை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டாள். அவர் கத்தரியைக் கையில் எடுத்தார்.

"காபி நானே போட்டுக்கிறேன்," என்றார். வெட்டினார்.

அந்தச் சட்டையை ஊர்ஹோ வாங்கிப் பார்த்து, அடுக்களைத் திரைச்சீலையின் சிவப்பு ரோஜாத் துணியை வைத்து ஒட்டுப் போட்டுக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை ஹில்யா அதை வெளியே விட்டுக்கொண்டு சர்ச்சுக்கு வந்தாள். வழக்கமாகக் கடைசி வரிசையில் உட்காருகிறவள், அன்று நிஸ்கானன்களின் பெஞ்சுக்கு நேர் முன்னால் போய் நின்றாள். பாட்டுக்கு எழுந்து நிற்கும்போதெல்லாம், ஆர்வோவின் மூக்குக்கு முன்னால் ரோஜா பூத்தது. அன்று போதகர் வழக்கத்தைவிட நான்கு பாட்டு கூடுதலாகப் பாட வைத்தார்.