ராகி கொட்டிய சுவர்

எங்கள் ஆஸ்பத்திரியில் சுவிட்சுகள் எல்லாம் ஒரே மட்டம், என் தலை உயரத்துக்கு இருக்கும். சமையல்கட்டு வாசலில் உள்ளது மட்டும் ஒரு சாண் தாழ்வு. சின்ன வயதில் கிணற்றுப் படியில் விழுந்ததிலிருந்து என் வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. இடது கையில் எந்நேரமும் ஏதாவது ஒரு பாத்திரம் இருக்கும். இதை நான் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. வயர்மேன் சென்னப்பனிடமும் சொன்னதில்லை.

"ஏந்தம்பி, இது மட்டும் எறங்கியிருக்குது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மட்டம் தப்பிப்போச்சுக்கா. சிஸ்டரம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நானும் நம்பிவிட்டேன்.

தேன்கனிக்கோட்டை ரோட்டில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி எங்களுடையது. நான் பவுலினா, அங்கே சமைத்துக் கூட்டிப் பெருக்குகிறவள். ஐம்பத்தைந்தாம் வருஷம் எங்கள் பக்கம் கரண்டு வந்தபோது வயர் இழுக்க வந்தவர்தான் சென்னப்பன். ஊர், கன்னட எல்லையோரத்துத் தளி. பெங்களூரில் வேலை கற்றவர். "வீட்டுல கன்னடம், வெளிய தமிழு, கோவம் வந்தா தெலுங்குக்கா" என்பார். அவர் தெலுங்கு பேசி ஒருநாளும் நான் கேட்டதில்லை.

மற்ற அறைகளில் வேலை சுலபமாக முடிந்தது. பிரசவ அறையில்தான் சிக்கல். அந்த அறைக்கும் வார்டுக்கும் நடுவில் இருப்பது சுவர் என்று பேர்தானே தவிர, மரச்சட்டம் நிறுத்தி, இரண்டு பக்கமும் பிளந்த மூங்கில் பிளாச்சு அடித்து, மேலே சுண்ணாம்பு பூசியது. மொத்தக் கனமே நாலு விரல். வாராவாரம் பினாயில் ஊற்றிக் கழுவுகிற அறை என்பதால் பைப்பும் சுவிட்சுப் பெட்டியும் வெளியே தெரியாமல் சுவருக்குள்ளேயே போகவேண்டும் என்று பெரிய சிஸ்டர் சொல்லிவிட்டார். முதலில் வந்து பார்த்த இரண்டு பேர், "இந்தச் சுவுத்துல ஆணி அடிச்சாலே அந்தப் பக்கம் எட்டிப் பாக்கும், பெட்டி எங்க நிக்கும்?" என்று கிளம்பிவிட்டார்கள். சென்னப்பன் மட்டும் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நிக்க வெக்கலாமுங்க" என்றார்.

பெட்டி நின்றுதான் ஆகவேண்டியிருந்தது. வார்டில் அப்போது முனிலட்சுமி என்ற பெண் இருந்தாள். அதற்கு முந்தைய வருஷம் லாந்தர் வெளிச்சத்தில் நடந்த பிரசவத்தில் அவள் பிள்ளை தங்கவில்லை. நல்ல வெளிச்சம் இருந்திருந்தால் கழுத்தில் கொடி சுற்றியிருந்ததை முன்கூட்டியே பார்த்திருப்பேன் என்று சிஸ்டரே என்னிடம் சொல்லி அழுதார். இந்தத் தடவை பத்து நாளுக்கு முன்பே வரச்சொல்லிப் படுக்கவைத்திருந்தார். சனிக்கிழமை கரண்டு ஆபீசிலிருந்து வந்து பார்ப்பார்கள். ஒரு பெட்டி ஆடினாலும் கனெக்‌ஷன் கிடையாது, மறுபடி வர ஒரு மாசம் ஆகும். முனிலட்சுமிக்கு ஒரு மாசம் ஏது?

வியாழக்கிழமை காலை சென்னப்பன் பிரசவ அறைப் பக்கம் நின்று விரலால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். காலி இடம் 'டொம்' என்னும், உள்ளே சட்டம் இருந்தால் சத்தம் அடங்கி வரும். சட்டத்தோடு சேர்த்துத்தான் பெட்டியைத் திருகாணியால் முடுக்கவேண்டும்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "யாரப்பா அது? கதவு இந்தப் பக்கம் இருக்குது!"

முனிலட்சுமியின் மாமியார் கெம்பம்மா அது. மருமகளுக்குத் துணையாக வந்தவர்.

"கதவு வேணாங்கம்மா, சட்டத்தத் தேடறேன்."

"சட்டை தொலைஞ்சா ஆம்பளைங்க வார்டுல போய்த் தேடு!"

ஆம்பளைங்க வார்டே எங்களிடம் கிடையாது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஓரிடத்தில் சத்தம் நன்றாக அடங்கி வந்தது. சென்னப்பன் பென்சிலால் குறி போட்டு, துரப்பணத்தை வைத்து, மரம்தானே என்று உடம்பின் பாரம் முழுதும் கொடுத்துத் திருகினார். மரம் இல்லை. ஒரே மூச்சில் உள்ளே போய்விட்டது. அந்தப் பக்கம் பிளாச்சு முறிந்து சுண்ணாம்பு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பெயர்ந்து விழுகிற சத்தம் கேட்டது. அவர் துரப்பணத்தை வெளியே இழுத்ததும் அந்த ஓட்டை வழியாகச் பொலபொலவென்று ராகி கொட்ட ஆரம்பித்தது.

சுவரிலிருந்து ராகி கொட்டுவதை என் ஆயுசில் அன்றைக்குத்தான் பார்த்தேன். மாதாவே என்று சிலுவை போட்டுக்கொண்டேன்.

சத்தம் கேட்டுப் பெரிய சிஸ்டர் வந்துவிட்டார். "இது என்ன?"

சென்னப்பன் ஓட்டையை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு, "எலி சேத்து வெச்சிருக்குதுங்கம்மா" என்றார்.

சிஸ்டர் குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். "இவ்வளவு சுத்தமாகப் புடைத்துச் சேர்த்துவைக்கிற எலியை நான் பார்க்கவேண்டுமே."

அதற்குள் கெம்பம்மாவே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "நான்தானுங்க அந்த எலி!"

வார்டில் தானியம் வைக்கக்கூடாது என்பது சிஸ்டரின் உத்தரவு. ஆஸ்பத்திரிச் சோறு செரிக்காது என்று கெம்பம்மா ஒரு மூட்டை ராகியைக் கொண்டுவந்து, மருமகள் கட்டிலுக்குப் பின்னால் சுவரோடு சாய்த்து, கம்பளி போட்டு மூடியிருந்தார். மூட்டை சுவரில் அழுந்தியிருந்ததால்தான் அங்கே சத்தம் அடங்கியது. வார்டில் முனிலட்சுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் வந்த நாளாக நான் அவள் பல்லைப் பார்த்ததில்லை.

ஆனால் சிஸ்டர் சிரிக்கவில்லை. சுவரின் இரண்டு பக்கமும் ஓட்டை. "போதும் சென்னப்பா. சுவரே விழுந்துவிடும். லாந்தரே இருக்கட்டும்."

முனிலட்சுமியின் சிரிப்பு நின்றுபோனது எனக்குக் கேட்டது.

"ஒரு நாள் குடுங்கம்மா. தப்பு என்னுது" என்றார் சென்னப்பன்.

சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டேன். அதைப் பார்த்துத்தானோ என்னவோ, சரி என்றார்.

கெட்டுப்போன இடத்தையே சென்னப்பன் வழியாக்கிக்கொண்டார். தன் பக்கத்தில் பெட்டி அளவுக்குப் பிளாச்சை வெட்டி எடுத்தார். நிஜமான சட்டம் ஒரு முழம் தள்ளி இருந்தது. அதனால் ஒரு கெட்டிப் பலகைத் துண்டை உள்ளே நுழைத்துப் பிளாச்சுக்குப் பின்னால் குறுக்கே நிறுத்தவேண்டும். அதைப் பிடித்துக்கொள்ள உள்ளே ஒரு கை வேண்டுமே! சாந்து பெயர்ந்த ஓட்டையில் அந்தப் பக்கமிருந்து கெம்பம்மா முழங்கை வரை விட்டுக்கொண்டார்.

"புடிச்சீங்களா?"

"புடிச்சேனப்பா. என் ராகியில ஓட்டை போட்ட மாதிரி கையில போட்டுடாத!"

"ஆடாதீங்கம்மா."

"நான் ஆடல, உன் சுவரு ஆடுது!"

பலகையை முடுக்கினார். பலகையோடு இரும்புப் பெட்டியை முடுக்கினார். சுவருக்குள் குறுக்கே ஓடிய நடுச்சட்டத்தில் துளை போட்டு மேலேயிருந்து பைப்பை இறக்கினார். வார்டுப் பக்கத்து ஓட்டைக்குப் புதுப் பிளாச்சு வைத்துக் கட்டி, சாந்து நான் குழைத்துக் கொடுத்தேன்.

சனிக்கிழமை வந்த அதிகாரி பெட்டிக்குள் இரண்டு விரலைக் கொடுத்து இழு இழு என்று இழுத்தார். அது அசையவில்லை. நாலு மணிக்குக் கரண்டு வந்தது. மத்தியானமே முனிலட்சுமிக்கு இடுப்புவலி கண்டிருந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் பிள்ளை தலை காட்டியது. கொடி கழுத்தைச் சுற்றியிருந்ததைச் சிஸ்டர் கண்டதும் விரலால் நெகிழ்த்தி எடுத்துவிட்டார். அடுத்த நிமிஷம் பிள்ளை போட்ட கத்தலில் மெல்லிசான சுவர் இரண்டு பக்கமும் அதிர்ந்தது. பெண் பிள்ளை. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

வெளியே வேப்பமரத்தடியில் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த சென்னப்பனுக்கு முன்னால் கெம்பம்மா போய் நின்று, "பேரு சென்னம்மா. உனக்குக் கோவம் இருந்தா தெலுங்குல திட்டு" என்றார். அவர் தலையைக் குனிந்துகொண்டு வயரை அவிழ்த்து மறுபடி முதலிலிருந்து சுருட்டினார்.

மூன்று வருஷம் கழித்து அவருக்குப் பெங்களூரில் ஒரு பாக்டரியில் வேலை கிடைத்தது. போகுமுன் சொல்லிக்கொள்ள வந்தார். அன்றைக்குக் கெம்பம்மாவும் பேத்தியோடு வந்திருந்தார். குழந்தை சமையல்கட்டு வாசலில் நின்று சுவிட்சை எட்டிப் பிடிக்கக் குதித்துக் குதித்துப் பார்த்தது. சென்னப்பன் தூக்கிக் காட்டினார். அது போட்டது, அணைத்தது, மறுபடி போட்டது. கீழே இறக்கிவிடச் சொல்ல மனசில்லை அதற்கு. பஸ் ஹாரன் கேட்டதும் இறக்கிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார். அன்றைக்கு அப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை. வாசல் வரை போனவர் திரும்பி, எழும்பாத என் கையை ஒருதடவை பார்த்துச் சிரித்தார்.

"பவுலினாக்கா, உங்களுக்காக ஒரு சாண் எறக்குனேன். அடுத்த தடவ வந்து இந்தப் பொண்ணுக்காக இன்னும் ரெண்டு சாண் எறக்கி வெக்கறேன்."