வெட்டி எறிந்த பத்தி

மருத்துவமனையின் கணினிப் பிரிவில் அவளுக்கு 'டிஸ்க் அக்கா' என்று பட்டப்பெயர். பதினோரு வருடமாக அந்த ஜன்னல் இல்லாத அறையில் குப்பை கொட்டுகிறாள். கோபம் எப்போதும் மூக்கு நுனியில்.

அன்றைக்குக் கோபத்தில் நியாயம் இருந்தது. கோப்புகள் வட்டவட்டத் தடங்களில் கிடக்கும் ஹார்டு டிஸ்க்கில், அவற்றின் மேல் நகர்ந்து படிக்கிற ஹெட் ஒன்றுதான். கேட்கிற வார்டுகளோ நாற்பது. எதை முதலில் எடுப்பது? மூன்று வாரம் மெனக்கெட்டு, மூன்று முறைகளை ஓட்டிப் பார்க்க ஒரு புரோகிராம் எழுதினாள். வந்த வரிசைப்படி எடுப்பது ஒன்று. ஹெட்டுக்குப் பக்கத்தில் இருப்பதை எடுப்பது இன்னொன்று. ஓரத்துக்கு ஓரம் போய்த் திரும்புவது மூன்றாவது. சராசரியில் ஜெயித்தது பக்கத்தில் இருப்பதை எடுப்பதுதான். ஆனால் காலை நெரிசலில் கேட்பவை எல்லாம் ஐம்பதாம் தடத்தின் பக்கமே குவிய, ஹெட் அதைச் சுற்றியே மேய்ந்தது. நூற்றுத்தொண்ணூறாம் தடத்தில் கேட்டவர் கதி அதோகதி. யாருக்கு எந்த மருந்து ஆகாது என்று அவசரப் பிரிவு தேடும் பழைய கோப்புகள் அந்த ஓரத்தில்தான் கிடந்தன. அதனால் அட்டவணையில் 'அதிகபட்சக் காத்திருப்பு' என்று கடைசியாக ஒரு பத்தி சேர்த்திருந்தாள்.

கூட்டத்தில் மேலாளர் அட்டவணையைத் திரையில் காட்டியபோது அந்தப் பத்தியே இல்லை.

"சார், கடைசிப் பத்தி எங்க?"

"அது எதுக்கும்மா, சும்மா குழப்பும். சராசரியப் பாரு, எவ்வளவு அழகா இருக்கு! நாளைக்கே பக்கத்துல இருக்கறத எடுக்கற முறைக்கு மாத்திடலாம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து கேன்டீன்காரர் டீயோடு வாசலில் வந்து நின்றார். எழுந்து போய் அவர் காதில் சொன்னாள்: "அண்ணே, பக்கத்துல யார் கேக்கறாங்களோ அவங்களுக்கே ஊத்துங்க. தள்ளி இருக்கறவங்களுக்கு அப்புறம்."

அவர் அப்படியே செய்தார். வாசலோரம் உட்கார்ந்தவர்கள் இரண்டாவது கப்பையும் நீட்டினார்கள். தாமதமாக வந்தவர்களும் அங்கேயே உட்கார்ந்து கேட்டார்கள். மேசையின் கோடியில் மேலாளர் மூன்று தடவை கை தூக்கிவிட்டார்.

"என்னய்யா இது? முதல்ல கேட்டவன் நான்! எனக்கு எங்க டீ?"

"உங்களுக்கென்ன சார் குறை?" என்றாள் டிஸ்க் அக்கா. "சராசரியா ஆளுக்கு ஒன்றரை கப் வந்திருக்கு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேலாளரின் முகம் சுண்டிப்போனது. "சரி சரி, அந்தப் பத்தியப் போடும்மா."

போட்டாள். கோபம் மட்டும் தணியவில்லை.

"ஒரு டீ லேட்டானதும் உங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. அங்க கட்டில்ல கெடக்கறவன் கை தூக்கக்கூட முடியாது, சார்."