பஞ்சக்காவின் காய்ந்த நாட்கள்

தங்கை வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிய வியாழக்கிழமை காலையில்தான் பஞ்சக்காவின் இடது காது மறுபடி ஒழுகியது. தலையணை உறையில் நகத்தளவு மஞ்சள் கறை. பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்த தங்கை அதைப் பார்த்துவிட்டாள்.

"நான் போற அன்னிக்கா அழுவே? அதுவும் காதாலயா?"

அக்காவின் முகத்துக்கு நேரே நின்று, உதட்டை நன்றாக அசைத்துக் கேட்டாள். அப்படி நின்று பேச வேறு ஆள் கிடையாது. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்வதையும் அவள்தான் திருப்பிச் சொல்வாள். அன்று மதியம் அவள் போய்விட்டாள்.

பஞ்சக்காவுக்கு நாலு வயதில் பிடித்த சளி, இரண்டு செவிப்பறையிலும் ஓட்டை போட்டுவிட்டுப் போனது. முப்பத்தெட்டிலும் அது மூடவில்லை. எந்நேரமும் காதில் பஞ்சு இருப்பதால் பஸ் டிப்போவில் அவளுக்கு அந்தப் பெயர். உலகத்துச் சத்தமெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம். தான் மெல்லுவதும் தன் குரலும் மட்டும் மண்டைக்குள் இடி மாதிரி. கத்துகிறோமோ என்று பயந்து முணுமுணுப்பாள்; எதிராளிக்குக் கேட்காது. சீழ் வாடை யாருக்கும் எட்டக் கூடாதென்று நாலடி தள்ளி நிற்பாள். அவர்கள் பேசுவது இவளுக்கு எட்டாது.

முன்பு டாக்டர் இரும்புக் கவை ஒன்றைத் தட்டி, அது அதிர அதிரக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தபோது மட்டும் கணீரென்று கேட்டது. "நரம்பு நல்லா இருக்கு. ஓட்டையை மூடிடலாம், ஒவ்வொரு காதா. ஆனா மூணு மாசம் சொட்டுக்கூட ஒழுகக் கூடாது" என்று அவர் சொன்னதைத் தங்கைதான் சொல்லியிருந்தாள்.

பஸ் கழுவுகிறவள் காய்ந்த காதுக்கு எங்கே போவாள்? குழாயைத் திறந்தால் தகரத்தில் அடித்த தண்ணீர் அவள் தலையில்தான் தெறிக்கும். சூப்பர்வைசரிடம் போய் நின்றாள்.

"உள்ள பெருக்குற வேலைக்கு மாத்துங்க சார்."

"பெருக்கிட்டு இறங்குவே, பின்னால ஒரு பஸ் ரிவர்ஸ்ல வரும். உனக்குக் கேக்குமா? அப்புறம் உன்னையும் சேர்த்துப் பெருக்கணும்மா!" என்று கையை ஆட்டிக் கத்தினார்.

காது கேட்டால்தான் காய்ந்த வேலை. காய்ந்த வேலை கிடைத்தால்தான் காது கேட்கும். குழாயடிக்கே திரும்பினாள்.

இரண்டு தடவை ஒழுகாத நாட்களை எழுபதுவரை எண்ணினாள். இரண்டு தடவையும் கெட்டது. தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய், யார் என்ன சொன்னாலும் தலையாட்டிவிட்டு வந்தாள். மூன்றாம் தடவை நர்ஸ் காதிலிருந்த பஞ்சை எடுத்துப் பிழிந்தாள். தண்ணீர் சொட்டியது.

"வாசலின் தடவி வைக்கச் சொன்னேனே! வெறும் பஞ்சு தண்ணியைக் குடிச்சு உள்ளயே வச்சிருக்கு. பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினியே!"

பஞ்சக்கா அதற்கும் தலையாட்டினாள். நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தாள்.

வாசலின் பஞ்சும் பிளாஸ்டிக் தொப்பியுமாகத் தொண்ணூற்று நாலு நாள் காய்ந்தே இருந்தது. டாக்டர் பார்த்துச் சிரித்தார். நர்ஸ் மறுபடி எழுதினாள்: 'ஆபரேஷனுக்குக் கூட இருக்க, கையெழுத்துப் போட ஒரு ஆள் வேண்டும்.'

சூப்பர்வைசரைக் கேட்டாள். "ஃபாரத்துல உறவுமுறைன்னு இருக்கே, அதுல என்னன்னு எழுதுறது? பஸ்ஸுன்னா?" என்று நெளிந்தார்.

தங்கைக்கு இரண்டு வருட ஒப்பந்தம், நடுவில் லீவு இல்லை. இருந்தும் பஞ்சக்கா போனில் எழுதி அனுப்பினாள்: 'காது காஞ்சிருச்சு. கூட இருக்க ஆள் கேக்குறாங்க. பரவாயில்ல.'

பதிலாக அழுகிற பொம்மை முகம் ஒன்று வந்தது, அவ்வளவுதான். மழைக்காலம் வந்து போனது. ஒருநாள் குழாய் வெடித்து உச்சிமுதல் நனைந்தாள். அன்று முழுக்கப் பஞ்சைத் தொடவே பயந்தாள். தினமும் விடிந்ததும் தலையணை உறையைத்தான் முதலில் பார்த்தாள்; கறை இல்லை.

ஐந்து மாதம் கழித்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது:

'சண்டை போட்டு லீவு வாங்கிட்டேன். இருபது நாள். அடுத்த மாசம் எட்டாம் தேதி வர்றேன், ஒன்பதாம் தேதி ஆஸ்பத்திரி. இந்தத் தடவை வலது காது மட்டுந்தான்னு டாக்டர் சொல்லிட்டார், இடது அப்புறம். அதுவரைக்கும் தலைக்குத் தண்ணி ஊத்தினே, கொன்னுடுவேன்.'