தட்டை எந்தத் துளையில் மாட்டுவது?

அட்டைப்பெட்டிக்குள் தட்டையாகப் படுத்து வரும் சமையலறை அலமாரியை எழுப்பி நிற்க வைப்பதுதான் என் தொழில். அது நின்றுவிடும், அதன் பிறகு நமக்குத்தான் இடுப்பு நிமிராது. விடுமுறை நாளில் தரையில் மண்டியிட்டு, வளைந்த சாவியால் திருகாணிகளை முறுக்கி, கடைசியில் கதவைத் தலைகீழாக மாட்டியிருப்பதைக் கண்டுகொண்டவர் நீங்கள் என்றால், நீங்களும் நானும் ஒரே சாதி. மேற்கொண்டு படிக்கலாம்.

எண்பதுகளின் கடைசியில் பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு சீனர் கடையில் இந்த வேலைக்குச் சேர்ந்தேன். லாரி ஓட்டவும் பலகையைப் பிடிக்கவும் காதர் கூட வருவார். எங்கள் அடுக்குமாடி வீட்டில் அம்மாவும், புதிதாகக் கல்யாணமாகி வந்த என் மனைவி புஷ்பாவும் இருந்தார்கள். சமையலறையில் ஒருவர் திரும்பினால் இன்னொருவர் வெளியே போக வேண்டும். இருவருமே போகிற ஆள் இல்லை. புஷ்பா அப்போது மாசமாக இருந்தாள். பிரசவத்துக்கு சுங்கைப் பட்டாணியில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போனால், இந்தச் சமையலறைக்குத் திரும்பி வரமாட்டேன் என்று சொல்லியிருந்தாள். அவள் விளையாட்டுக்குப் பேசுகிறவள் இல்லை. எனக்கு உள்ளுக்குள் பயம். நல்லதாக ஓர் அலமாரி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். அலமாரிக் கடையில் வேலை செய்கிறவனுக்கு வேறு என்ன தோன்றும்?

மிஞ்சிய திருகாணி

அலுவலகத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் வீடு. யாழ்ப்பாணத்துக் குடும்பம், எல்லாம் ஒழுங்கு. பெட்டிக்குள் இருந்த படத்தாளை அவர் கையில் பிடித்துக்கொண்டு, நான் ஒவ்வொரு பலகையை எடுக்கும்போதும் படத்தைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். அவர் ஆட்டிய பிறகுதான் நான் முறுக்குவேன். வேலை முடிந்தபோது ஒரு திருகாணி மிஞ்சியது. தொழிற்சாலைக்காரன் ஒன்று கூடப் போட்டிருப்பான், எப்போதும் நடப்பதுதான் என்றேன். அவர் அதை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டார்.

கொஞ்ச நாள் கழித்துக் கடைக்கு ஃபோன் வந்தது. போய்ப் பார்த்தேன். அலமாரி அசையவில்லை, ஒரு கதவுகூடத் தொங்கவில்லை. ஆனால் தட்டு முட்டுச் சாமான்கள் எல்லாம் இன்னும் கூடத்துத் தரையிலேயே இருந்தன. அவர் துணியைப் பிரித்துத் திருகாணியைக் காட்டினார்.

"அலுமாரி நல்லாத்தான் இருக்குது தம்பி. இந்த ஸ்க்ரூதான் எங்களை நித்திரை கொள்ள விடேல்ல."

யாரும் மாற்றாத தட்டு

இந்த அலமாரிகளின் பெருமையே உள்தட்டுதான். இரண்டு பக்கப் பலகையிலும் மேலிருந்து கீழாகத் துளைகள் வரிசையாக இருக்கும். விரல் நுனி அளவு முளைகளைப் பிடுங்கி வேறு துளையில் செருகினால், தட்டு ஏறும் அல்லது இறங்கும். ஒவ்வொரு வீட்டிலும் இதைச் செய்து காட்டுவேன். வீட்டுக்காரர்கள் முகம் மலரும். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை செய்து காட்டச் சொல்வார்கள்.

பிறகு கீல் மாற்ற, இழுப்பறை சரிபார்க்க என்று அதே வீடுகளுக்குப் போவேன். தட்டு நான் வைத்த அதே துளையில் இருக்கும். அப்பளக் கட்டு உயரம் பற்றாமல் மடங்கிக் கிடக்கும், எண்ணெய் டின் படுத்துக் கிடக்கும், ஆனால் முளையை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது காதரிடம் இதைச் சொல்லி வருத்தப்பட்டேன். அவர் மீன் தலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மாத்த மாட்டாங்க அண்ணே. மாத்தலாம்னு தெரிஞ்சா போதும் லா அவங்களுக்கு."

பால் பொங்கிய வீடு

செபராங் ஜெயாவில் ஒரு புது வீடு. அன்று காலையிலேயே பால் காய்ச்சப் போகிறார்கள், அதற்குள் சமையலறை தயாராக வேண்டும். நாங்கள் போய் இறங்கியபோது ராகு காலம். பெட்டியைப் பிரிக்கக் கூடாது என்றார்கள். நானும் காதரும் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தோம். நேரம் கடந்ததும் அவசர அவசரமாகப் பொருத்தி முடித்து, அடுப்பை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துக் காய்ச்சுங்கள் என்று கெஞ்சினேன். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, ஈரம் பட்டால் ஊதிவிடும் என்று விளக்கினேன். அடுப்பு கிழக்குப் பார்த்துத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கிழக்கில் என் அலமாரி இருந்தது.

பால் நன்றாகவே பொங்கியது. எல்லோரும் கும்பிட்டார்கள். அது மேடையில் வழிந்து, இடுக்கில் இறங்கி, கீழ் அலமாரிக்குள் போனதை நான் ஒருவன்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த வாரம் கதவு மூடவில்லை என்று தகவல் வந்தது. புதுப் பலகையோடு போனேன். ஊதிய பலகையை நான் கழற்றப் போனதும் வீட்டு அம்மா குறுக்கே வந்து நின்றார்.

"கதவு மூடாட்டி பரவால்ல தம்பி. மொதப் பாலு உள்ள போயிருக்கு, அந்தப் பலகைய எடுத்துறாதீங்க."

பந்தலுக்குப் போன அலமாரி

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு வீடு. தைப்பூசத்துக்கு முந்தின நாள் அலமாரிகளை இறக்கினோம். வீட்டுக்காரர் சமையலறைக்கு வழி காட்டாமல் வாசலைக் காட்டினார். அங்கே தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தார். மோர்ப் பானை வைக்க மேசை கிடைக்கவில்லையாம். வாசலிலேயே ஓர் அலமாரியைப் பொருத்தித் தந்தேன். மேலே பானை, உள்ளே தம்ளர்கள், நடுத்தட்டில் எலுமிச்சம் பழம். காவடி எடுத்து வந்தவர்களும் கூட வந்தவர்களும் அதில் சாய்ந்து நின்று மோர் குடித்தார்கள். ஒரு பெரியவர் அதற்குத் திருநீறு பூசி, ஒரு முழம் பூவும் சாத்திவிட்டுப் போனார்.

திருவிழா முடிந்து உள்ளே தூக்கிப் போக வந்தால், சமையலறைக் கதவை விட அலமாரி அகலம். சாய்த்துப் பார்த்தோம், படுக்க வைத்துப் பார்த்தோம். கடைசியில் அத்தனையையும் கழற்றி, உள்ளே கொண்டுபோய் மறுபடி பொருத்தினேன். இந்தப் பலகையில் ஒரு தடவை கழற்றினால் திருகாணி முன்போலப் பிடிக்காது, இனிமேல் அசைக்காதீர்கள் என்று எச்சரித்தேன். வீட்டுக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சரிண்ணே. அடுத்த பூசத்துக்கும் நீங்களே வந்து வெளிய வெச்சுக் குடுத்துருவீங்கதானே?"

என் வீட்டுத் தட்டு

கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று வெயிலில் நிறம் மங்கிய ஆளுயர அலமாரி ஒன்றை, என்னையே எடுத்துக்கொள்ளச் சொன்னார் முதலாளி. சந்தோஷமாக வீட்டில் கொண்டுவந்து நிறுத்தினேன். நடுத்தட்டில் மசாலா டின்கள், அதற்குக் கீழே சோற்றுப் பானை. அம்மா குள்ளம். தட்டை இறக்கினால்தான் மிளகாய்த்தூள் டின் அவர் கைக்கு எட்டும். ஆனால் இறக்கினால் அதற்கடியில் பானை நுழையாது. பானை தரைக்குப் போய்விடும், புஷ்பா வயிற்றுப் பிள்ளையோடு குனிந்து எடுக்க வேண்டும்.

காலையில் நான் வேலைக்குப் போகும்போது தட்டு மேலே இருக்கும். திரும்பி வரும்போது கீழே இருக்கும். யாரும் சண்டை போடவில்லை, யாரும் யாரோடும் பேசவும் இல்லை. முளையைப் பிடுங்கும் சத்தம் மட்டும் கேட்கும். நான் சமாதானமாக இரண்டுக்கும் நடுவில் ஒரு துளையைத் தேடி மாட்டினேன். அங்கே அம்மாவுக்கு டின்னும் எட்டவில்லை, பானையும் நுழையவில்லை. புஷ்பா வந்து பார்த்தாள்.

"நீங்க வேலைக்குப் போற வீட்டுல எல்லாம் இப்படித்தான் மாட்டிட்டு வர்றீங்களா?"

பிஸ்கட் டின்

வளைகாப்பு முடிந்தது. மறுநாள் புஷ்பா தாய் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். மத்தியானம் சாப்பிட வந்தபோது, அவள் அறையில் பெரிய பெட்டியைத் திறந்து தன் சேலைகள் அத்தனையையும் அடுக்கிக்கொண்டிருந்தாள். பிரசவத்துக்குப் போகிறவளுக்குப் பட்டுச் சேலை எதற்கு? சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தேன். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். அம்மா ஒரு பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று மிளகாய்த்தூளை எடுத்துக்கொண்டிருந்தார். தட்டு மேல் துளையில் இருந்தது, பானை அதற்குக் கீழே இருந்தது. புஷ்பா வேலையா என்று கேட்டேன். "நான்தான் மாத்துனேன்" என்றார் அம்மா. "வயித்துப் புள்ளக்காரி எத்தன தடவ குனிவா? எனக்கு என்ன, ஏறிக்குறேன்." அறைக்குள் பெட்டி அடுக்கும் சத்தம் நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் புஷ்பா எடுத்துக்கொண்டு கிளம்பியது ஒரு சின்னப் பையைத்தான். பெரிய பெட்டி அறையிலேயே இருந்தது. லாரியில் வைத்துக் காதரிடம் சொன்னபோதுதான் கண் கலங்கிவிட்டது.

பிள்ளையோடு திரும்பி வந்த அன்று, குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு நேரே சமையலறைக்குப் போய், புஷ்பா தட்டைக் கீழே இறக்கினாள். அத்தை டின்மேல் ஏறி விழுந்துவிட்டால் பிள்ளையை யார் பார்ப்பது என்றாள். மறுநாள் நான் வேலை முடிந்து வந்தால் தட்டு மறுபடி மேலே இருந்தது. அம்மா டின்மேல் நின்றுகொண்டிருந்தார்.

"பச்ச ஒடம்புக்காரிய குனிய விடுவாங்களா? நீ போயி எனக்கு ஒரு நல்ல முக்காலியா செஞ்சு எடுத்துட்டு வா."

ஏற்றி இறக்கும் தட்டை உண்மையிலேயே ஏற்றி இறக்கும் ஒரே வீட்டைப் பினாங்கில் நான் கண்டுபிடித்தாகிவிட்டது. ஆனால் அந்த வீட்டில் நானே டீ போட்டுக்கொள்ளப் போனால், இந்த ஏற்ற இறக்கத்தில் டீத்தூள் டின் எந்தத் தட்டுக்குப் போயிருக்கும் என்பது மட்டும் எனக்கு இன்றுவரை தெரியாது.