நான்காவது கவர்

அந்த மருத்துவமனையில் அவள் சொந்தப் பெயரை இழந்து பதினோரு வருடமாகிறது. மூன்றாம் மாடியில் எல்லோருக்கும் அவள் கவர் அக்கா. பித்தப்பையில் புற்றுநோய் வந்தவர்களுக்கு ஈரலில் கொஞ்சம் வெட்டி எடுப்பது நல்லதா, நிறைய வெட்டி எடுப்பது நல்லதா என்று பெரிய டாக்டர் ஓர் ஆராய்ச்சி நடத்திவந்தார். எது நல்லது என்று அவருக்கும் தெரியாது. தெரிந்தால் எதற்கு ஆராய்ச்சி? சம்மதித்து வருகிறவருக்கு எந்த ஆபரேஷன் என்பதை அவள் இழுப்பறையில் ஒட்டி மூடிக் கிடக்கும் கவர்தான் சொல்லும்: கொஞ்சம் என்றால் ‘சிறியது’, நிறைய என்றால் ‘பெரியது’. வருகிற வரிசையில் ஒவ்வொன்றாகக் கிழிப்பாள். பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவர்களுக்குப் போன் போட்டு, தாளில் உள்ள கேள்விகளை ஓர் எழுத்து மாறாமல் கேட்பாள். எதிர்முனையில் அழுதாலும் அடுத்த கேள்விக்குப் போய்விட வேண்டும். போவாள், வைத்த பிறகு மூக்கைச் சிந்திக்கொள்வாள்.

பதினோரு வருடம் ஒரே இழுப்பறையைத் திறந்து மூடுகிறவளுக்குக் கண்ணா அவிந்து போகும்? ஒரு கட்டின் நான்கு கவருக்கு இரண்டு ‘சிறியது’, இரண்டு ‘பெரியது’ என்பது எப்போதோ பிடிபட்டுவிட்டது. யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆராய்ச்சி முடியும்வரை யாரும் கூட்டிப் பார்க்கக் கூடாத சாவுக் கணக்கையும் மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். ‘சிறியது’ வந்தவர்கள்தான் அதிகம் சாகிறார்கள் என்று அவளுக்குப் பட்டது.

அப்போதுதான் தங்கைக்கு வந்தது. கல் என்று பித்தப்பையை எடுத்தார்கள். பரிசோதனையில் புற்று என்றார்கள். சொந்தக்காரர் வந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டு ஒதுங்க வேண்டும் என்பது விதி. அவள் சொல்லவில்லை.

அன்று காலை தங்கைதான் முதல் ஆளாக வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அடுத்து ஒரு லாரி டிரைவர், மனைவியோடு. நடக்கிற கட்டின் நாலில் மூன்று கிழித்தாயிற்று: பெரியது, சிறியது, பெரியது. மேலே கிடப்பது சிறியது, பிரிக்காமலே தெரியும். அதற்கடுத்தது புதுக்கட்டு, எதுவும் வரலாம்.

கவரைத் தொடவே பயமாக இருந்தது. தனக்குத் தெரியும் என்று சொன்னால் பதினோரு வருட உழைப்பு குப்பைக்குப் போகும். சொல்லாமல் கிழித்தால் தங்கை போவாள். எந்தப் பக்கமும் நகர முடியாமல் மாட்டிக்கொண்டாள்.

“உன் ரத்த ரிப்போர்ட் இன்னும் வரல. கீழ போய் ஒரு டீ குடிச்சிட்டு வா” என்றாள். ரிப்போர்ட் அவள் முழங்கைக்கு அடியில் இருந்தது.

“சரிக்கா. நீ இருக்கும்போது எனக்கென்ன கவலை” என்று தங்கை எழுந்து போனாள்.

டிரைவரைக் கூப்பிட்டாள். சிறியது. அவர் மனைவியின் முகத்தை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. தங்கை திரும்பி வந்தாள். பெரியது. வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அந்த நிம்மதி ஒன்பது நாள்தான் நீடித்தது.

ஆபரேஷனுக்குப் பிறகு பித்தநீர் கசிந்தது. மிச்சமிருந்த ஈரல் தேறவே இல்லை. கண்ணெல்லாம் மஞ்சளாகக் கிடந்த தங்கை, “நீ ஏன்க்கா அழுவுற? கவர்ல வந்ததுக்கு நீ என்ன பண்ணுவ?” என்றாள். முப்பத்திரண்டாம் நாள் போய்விட்டாள். படிவத்தில் தேதியை எழுதியது அக்காவின் கைதான்.

வேலையை விட்டுவிடுகிறேன் என்று டாக்டரிடம் போய் நின்றாள். “இன்னும் நாலு வருஷம்தாம்மா. நீங்க போயிட்டா இவங்களையெல்லாம் யார் விசாரிப்பா?” என்றார்.  திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மூன்றாம் மாதம் டிரைவருக்குப் போன் போட வேண்டியிருந்தது. “ரொம்ப நல்லா இருக்கேம்மா. வண்டி ஓட்ட ஆரம்பிச்சிட்டேன்” என்றார். அவள் குறித்துக்கொண்டாள். “அன்னைக்கு எங்களுக்கு முன்னாடி ஒரு பொண்ணு உக்காந்திருந்துச்சே, நீங்ககூட டீ குடிக்க அனுப்பினீங்க. அது எப்படி இருக்கு?”

தாளில் அதற்கு இடமில்லை. “பசி எப்படி இருக்கு?” என்று அடுத்த கேள்வியைக் கேட்டாள்.